லாரித் தட்டில் ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போவதை நிறுத்த மட்டும் ஏன் இன்னும் ஒரு கெடு வைக்கப்படவில்லை?

சிங்கப்பூரில் நீங்களோ நானோ நினைத்தபடி ஒரு லாரியின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு போக முடியாது, சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. சரக்கு வாகனம் சரக்குக்குத்தான், அதில் ஆள் ஏற்றக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி. அதே சட்டத்தில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, முதலாளியின் வேலையாகப் போகும் தொழிலாளியை முதலாளியின் லாரியில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது. தினமும் காலையில் தீவு விரைவுச்சாலையிலும் ஆயர் ராஜா விரைவுச்சாலையிலும் நாம் பார்க்கிறோமே, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து போகும் ஆட்கள், அந்தக் காட்சி மொத்தமும் இந்த விதிவிலக்கின் மேல்தான் நிற்கிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேச்சு ஓட்டுநரின் கவனக்குறைவு, வேகம், மழை, டயர் என்று போய்விடுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் தட்டில் உட்கார்ந்து போவது ஆபத்து என்று சட்டத்துக்கே தெரியும், தெரிந்துதான் பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. தடை யாருக்கு இல்லையோ அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஆட்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய், ரசாயன ஆலைகள் அடங்கிய செயல்முறைத் துறை மூன்றிலும் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

விடிகாலையில் இரண்டடுக்குப் பேருந்தின் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தால் பக்கத்துத் தடத்தில் நிற்கும் லாரியின் உள்ளே நன்றாகத் தெரியும். முன்பக்கம் கருவிப் பெட்டி, அதை ஒட்டி சுருட்டிய கம்பி, மூலையில் இரண்டு பெயிண்ட் வாளி. பலகை போட்ட லாரி கொஞ்சம், மற்றதில் தரைதான் இருக்கை. ஒருவர் பிளாஸ்டிக் பையிலிருக்கும் கேட்டரிங் சாப்பாட்டைக் காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்திருப்பார், விடிவதற்கு முன் பொட்டலம் கட்டி வந்த சாப்பாடு அது, மதியம் வரை கெடாமல் இருக்க வேண்டும். ஒருவர் கைப்பிடிக் கம்பியில் துண்டைச் சுற்றி அதற்குள் மணிக்கட்டை நுழைத்துக்கொண்டு தூங்குவார். ஏன் என்று லிட்டில் இந்தியாவின் தெக்கா சந்தைப் பக்கம் பழக்கமான அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் கேட்டேன். "பிரேக் அடிச்சா முன்னாடி போய் விழாம இருக்கத்தாண்ணே. தூங்காமலும் இருக்க முடியாது, ராத்திரி ஓவர்டைம் முடிச்சு வந்து குளிச்சுப் படுக்கவே பன்னெண்டு ஆயிடுது" என்றார். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "தார்ப்பாயை இறக்கிவிட்டா மூச்சு முட்டும், ஏத்திவிட்டா நனையணும். பாதிப் பாதியா வச்சுக்குவோம்ணே."

அந்தத் துண்டு சும்மா போட்டதல்ல. லாரி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதிலிருக்கும் ஆளும் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறார். லாரி எதிலாவது மோதி நின்றால் அவர் நிற்க மாட்டார். காரில் சீட் பெல்ட் பிடித்துக்கொள்ளும், முன்னால் காற்றுப்பை இருக்கும், இருக்கையின் முதுகு இருக்கும். தட்டில் இது எதுவும் கிடையாது, முன்னால் இருப்பது கருவிப் பெட்டியும் இரும்புத் தகடும்தான். டாக்சியின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் நமக்கு அபராதம் போடும் ஊர் இது. அதே சாலையில், அதே நேரத்தில், பக்கத்துத் தடத்தில் பெல்ட்டே இல்லாமல் போக இன்னொருவருக்கு அனுமதி இருக்கிறது.

2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் லாரிகளில் பயணம் செய்தவர்களில் 58 பேர் இறந்தார்கள், 4,700க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2021 ஏப்ரல் 20ஆம் தேதி தீவு விரைவுச்சாலையில், 17 ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியதில் இருவர் இறந்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் பங்களாதேஷ்காரர். 2023 ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் நடந்த இரண்டு விபத்துகளில் 37 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2010 ஜூனில் ஒரு லாரி விபத்தில் சீன ஊழியர்கள் மூவர் இறந்த பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. தட்டில் ஓர் ஆளுக்கு நான்கு சதுர அடி என்று இருந்தது எட்டு சதுர அடியாக இரட்டிப்பானது, மேற்கூரையும் உயரமான பக்கக் கம்பிகளும் கட்டாயமாயின, எத்தனை பேர் ஏறலாம் என்று லாரியிலேயே ஒட்டி வைக்க வேண்டும் என்று ஆனது. 2023 ஜனவரியிலிருந்து மழைத் தடுப்பு கட்டாயம், வேலைத்தளத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்த ஓட்டுநர் அரை மணி நேரமாவது ஓய்வெடுத்துவிட்டுத்தான் ஆட்களை ஏற்ற வேண்டும், அவர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு துணையாள் வேண்டும். 2024இல் தொடங்கி, 3,501 கிலோவிலிருந்து 12,000 கிலோ வரை எடை கொண்ட லாரிகளுக்குக் கட்டங்கட்டமாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது, அதைப் பொருத்தினால் அறுபதுக்கு மேல் போகவே முடியாது.

ஒவ்வொன்றும் நல்லதுதான், ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். கூரையும் கம்பியும் வளைவில் ஆள் வெளியே விழுவதைத் தடுக்கும், மோதலில் உதவாது. ஓட்டுநரின் ஓய்வு அவர் தூங்கிப்போவதைத் தடுக்கும், எதிரே வருகிறவன் தூங்கினால் என்ன செய்வது? வேகக் கட்டுப்பாடு அடியின் கடுமையைக் குறைக்கும், அவ்வளவுதான். பதினைந்து வருடமாக விதிவிலக்கைச் செப்பனிட்டுக்கொண்டே வருகிறோம், அதை எப்போது எடுப்பது என்ற கேள்வி மட்டும் ஒத்திப்போடப்படுகிறது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது மாதிரி, இறைக்கிற வேகம் கூடியிருக்கிறது, ஓட்டை அப்படியே இருக்கிறது.

சரி, எடுத்துவிட வேண்டியதுதானே என்றால் அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 2023இல் அந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகு பல சமூக அமைப்புகளும் தனிமனிதர்களும் சேர்ந்து இந்த நடைமுறையை நிறுத்தக் கால அட்டவணை வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்து வர்த்தகச் சங்கங்கள் தடையால் வரும் சிக்கல்களைச் சொல்லி ஒன்றாக ஓர் அறிக்கை விட்டன. ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசு அமைப்புகளின் பதிலும் வந்தது. சுருக்கமாக அது சொன்னது: தடை போட்டால் பல நிறுவனங்கள், குறிப்பாகச் சிறிய நிறுவனங்கள், தாக்குப்பிடிக்காது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக கட்டும் வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள், எம்ஆர்டி ரயில் பாதைகள் எல்லாம் தாமதமாகும், செலவு கூடும், அந்தச் செலவு சிங்கப்பூரர்கள் தலையில்தான் விழும்.

இந்த வாதத்தைக் கேலி பேசி ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை, அதில் உண்மை இருக்கிறது. குளிர்சாதனம் பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், ஒரு லாரி. காலையில் அதே லாரி ஆட்களையும் ஏணியையும் கம்ப்ரசரையும் ஏற்றிக்கொண்டு பிடோக்கில் இரண்டு பேரை இறக்கும், தெம்பனிசில் மூன்று பேரை இறக்கும், மத்தியானம் பழைய சாமானை ஏற்றிக்கொண்டு திரும்பும். இவருக்குப் பேருந்து என்பது இரண்டாவது வாகனம், இரண்டாவது ஓட்டுநர், இரண்டாவது வாகன உரிமைச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இல்லாமல் இங்கே வண்டி வைத்திருக்க முடியாது, லாரிக்கும் பேருந்துக்கும் அதை ஒரே சி பிரிவில்தான் ஏலம் எடுக்க வேண்டும், அந்தப் பிரிவின் விலை 2023இல் 90,000 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டியது. அது வெறும் சான்றிதழுக்கு மட்டும், வண்டியின் விலை தனி.

ஓட்டுநர் பஞ்சம் இன்னொன்று. காலை ஆறிலிருந்து எட்டு வரை தனியார் பேருந்துகள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கின்றன, ஊழியர்களும் அதே நேரத்தில்தான் தளத்துக்குப் போக வேண்டும். தங்குவிடுதிகளோ துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் என்று ஒதுக்குப்புறத்தில் இருக்கின்றன, எம்ஆர்டியில் போகச் சொன்னால் நிலையத்துக்கு வரவே தனிப் பேருந்து வேண்டும்.

ஆனால் இந்த வாதத்தில் எல்லா நிறுவனமும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடுகிறது, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஐந்து ஆள் நிறுவனத்தின் கஷ்டத்தைச் சொல்லி, ஒரே தங்குவிடுதியிலிருந்து ஒரே கட்டுமானத் தளத்துக்கு இருநூறு பேரை அனுப்பும் பெரிய ஒப்பந்தக்காரரும் தப்பித்துக்கொள்கிறார். இருநூறு பேர், ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குகிறார்கள், மாதக்கணக்கில் அதே பாதை. பேருந்துக்கென்றே செய்தது போன்ற வேலை அது. பல பெரிய நிறுவனங்கள் இப்போதே பேருந்தில்தான் அனுப்புகின்றன. சின்னவருக்கோ முன்பக்கம் இரண்டு வரிசை இருக்கை கொண்ட இரட்டை கேபின் லாரி இருக்கிறது, இருக்கை வைத்த வேன் இருக்கிறது. அதற்கு மாறக் கொஞ்சம் பணமும் கொஞ்சம் காலமும் வேண்டும். வண்டியை எப்படியும் உரிமைச் சான்றிதழின் காலம் முடியும்போது மாற்றத்தானே போகிறார், அடுத்து வாங்குவது இப்படி இருக்கட்டும் என்று சொல்லலாமே.

ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். அதே ஆட்கள் அதே தங்குவிடுதியிலிருந்து சிராங்கூன் சாலைக்கு வருவது தனியார் பேருந்தில். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் ஊழியர் பேருந்தில் அடிபட்டு இறந்து அதன் பிறகு கலவரம் மூண்டதே, அந்தப் பேருந்து ஊழியர்களைத் தங்குவிடுதிக்குத் திருப்பிக் கூட்டிப்போக வந்ததுதான். ஆக, இவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பேருந்தில் ஏற்றுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. வாரத்தில் ஒரு நாள், அவர்கள் தங்கள் காசில் வெளியே போகும் நாளில், பேருந்தில் போகிறார்கள். நமக்காக வேலைக்குப் போகும் மற்ற நாள்களில் லாரியில் போகிறார்கள். இதை எழுதும்போதே மனசு கஷ்டப்படுகிறது.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விசாரணைக் குழு அமைத்தார்கள், அறிக்கை வந்தது, 2015 ஏப்ரலில் இரவு பத்தரை மணிக்கு மேல் நாடு முழுவதும் கடைகளில் மது விற்கவும் பொது இடத்தில் குடிக்கவும் தடை நடைமுறைக்கு வந்துவிட்டது. பதினாறு மாதம்! அதனால் நட்டமடைந்த வியாபாரிகளும் இருந்தார்கள், ஆனாலும் அதற்காகச் சட்டம் நிறுத்தப்படவில்லை.

இன்னும் பொருத்தமான உதாரணம் தங்குவிடுதிதான். 2020இல் கொவிட் பரவியபோது விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், ஆண்டு முடிவதற்குள் அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. நெருக்கியடித்துப் படுத்ததுதான் காரணம் என்பது ஊருக்கே புரிந்தது. 2021இல் புதிதாகக் கட்டும் விடுதிகளுக்குப் புதிய தரம் வந்தது, ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். பழைய விடுதிகளை உடனே மூடவில்லை. 2030க்குள் இடைக்காலத் தரம், 2040க்குள் முழுத் தரம் என்று ஆண்டைக் குறித்துச் சொல்லிவிட்டார்கள். விடுதி நடத்துகிறவருக்கு மாற்றிக்கட்டப் பணம் வேண்டும், படுக்கை எண்ணிக்கை குறையும், வாடகை ஏறும், அந்தச் செலவும் கடைசியில் வீட்டு விலையில்தான் வந்து சேரும். அவ்வளவும் தெரிந்துதான் கெடு வைத்தார்கள். 2040 ரொம்பத் தள்ளி என்று எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் ஓர் ஆண்டு இருக்கிறது. வங்கியில் கடன் கேட்கப் போகிறவரும் கட்டட வரைபடம் போடுகிறவரும் அந்த ஆண்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

லாரிக்கு அந்த ஆண்டு இல்லை. கெடு இல்லாததால்தான் மற்ற எல்லாத் தடையும் அப்படியே இருக்கிறது. பேருந்து போதவில்லை என்கிறோம், தேவை வரும் என்று உறுதியாகத் தெரியாதபோது எந்த முதலாளி கடன் வாங்கிப் புதுப் பேருந்து வாங்குவார்? எந்த நிறுவனம் ஓட்டுநர்களைப் பயிற்றுவிக்கும்? எந்தத் தளம் வேலை தொடங்கும் நேரத்தை ஒன்பது மணிக்குத் தள்ளிப் பள்ளி ஓட்டம் முடிந்த பேருந்துகளைப் பிடிக்கப் பார்க்கும்? முதலில் ஆண்டைச் சொல்ல வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது. கட்டுமானத் துறையில் வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு முதலாளி மாதாமாதம் தீர்வை கட்டுகிறார், 2024 முதல் தேர்ச்சி கூடியவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் தேர்ச்சிக்கு 900 வெள்ளி. இருபது பேரை வைத்திருப்பவர் குறைந்தது 10,000 வெள்ளியை மாதம்தோறும் அரசுக்குக் கட்டுகிறார். அதில் ஒரு சிறு பகுதியை, பேருந்துக்கோ இருக்கை வைத்த வேனுக்கோ மாறுகிற சிறிய நிறுவனங்களுக்கு இரண்டு மூன்று வருடம் திருப்பிக் கொடுத்தால் என்ன? தீர்வை ஊழியர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தத்தான், அதில் கை வைக்கக் கூடாது என்பார்கள். யாருடைய தலையை எண்ணி வசூலித்த காசோ, அதில் கொஞ்சம் அந்தத் தலையைக் காப்பாற்றப் போகட்டும் என்பது என் எண்ணம்.

இதற்கும் முன்னால், சட்டத்தையே தொடாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஊரில் கட்டுமானத்துக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். 2021க்கும் 2025க்கும் இடையில் ஒரு லட்சம் பிடிஓ வீடுகள், அதாவது முன்பதிவின் பேரில் கட்டும் வீடுகள், என்று இலக்கு வைத்தது வீவக, ரயில் பாதைகளுக்கு ஒப்பந்தம் கொடுப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். 2024 ஏப்ரலிலிருந்து பொதுத்துறைக் கட்டுமான ஏலக்குத்தகைகளில் வேலையிடப் பாதுகாப்புக்கு என்று தனியாகக் குறைந்தது ஐந்து விழுக்காடு மதிப்பெண் ஒதுக்குகிறார்கள். அந்தப் பாதுகாப்பு தளத்தின் வாசலில் தொடங்கினால் போதாது, தங்குவிடுதியின் வாசலில் தொடங்க வேண்டும். இந்தத் திட்டத்துக்கு ஆட்களைப் பேருந்தில்தான் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், எல்லோரும் அதே செலவைச் சேர்த்துத்தான் விலைக்குறிப்பு கொடுப்பார்கள். நல்லது செய்கிறவர் விலை கூடிப்போய்க் குத்தகையை இழக்கும் நிலைமை மாறும்.

செலவு கூடும்தான். பிடிஓ வீட்டு விலையில் கொஞ்சம் ஏறலாம், நகர மன்றம் கட்டும் மின்தூக்கிப் பராமரிப்புக் கட்டணத்தில் கொஞ்சம் ஏறலாம். ஜிஎஸ்டி 2023இல் எட்டு, 2024இல் ஒன்பது என்று ஏறியிருக்கும் நேரத்தில் இதைச் சொல்லுவது லேசானதல்ல, அரசு கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டை எண்ணி மளிகை வாங்குகிற குடும்பங்கள் என் அடுக்குமாடியிலேயே இருக்கின்றன. இருந்தாலும், இப்போது நாம் கட்டாமல் விட்டிருக்கும் அந்தத் தொகையை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் தன் உடம்பால் கட்டுகிறார்.

அரசியல்வாதிகள் பேசவே இல்லை என்பதும் சரியல்ல. நீ சூன் என்ற குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் இதை நாடாளுமன்றத்தில் மறுபடி மறுபடி எழுப்பினார். அவர் 2025 தேர்தலில் நிற்கவில்லை. அந்தத் தேர்தலில் நான் கேட்ட கூட்டங்களில் விலைவாசி, வீடு, வேலை, அமெரிக்க வரி என்று பேச்சு ஓடியது, லாரி ஒரு மேடையிலும் என் காதில் விழவில்லை. வேலை அனுமதிச் சீட்டுக்காரருக்கு ஓட்டுக் கிடையாது. புகார் சொல்லவும் தயக்கம், ஏனென்றால் அனுமதிச் சீட்டை முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அப்படியே நிற்கும். "யார்ட்டண்ணே சொல்றது, சொன்னா டிக்கெட் போட்டு அனுப்பிட்டா என்ன பண்றது?" என்றார் அதே தம்பி.

அதனால் ஓட்டு உள்ளவர்கள்தான் கேட்க வேண்டும், அதிலும் இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருப்பதாக நினைக்கிறேன். தெக்காவில் பக்கத்து மேசையில் பரோட்டா சாப்பிடும்போது நம் மொழி பேசுகிறவர், மறுநாள் காலையில் விரைவுச்சாலையில் நமக்குக் கண்ணில் படாமல் போய்விடுகிறார். ரத்ததான முகாம், தீபாவளிக்குப் பலகாரப் பொட்டலம், போர்வை என்று நம் அமைப்புகள் நிறையவே செய்கின்றன, மனதாரச் செய்கின்றன. அந்த அன்பில் கொஞ்சத்தை இந்தக் கோரிக்கைக்கும் கொடுக்கலாம். தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பு வாரந்தோறும் நடக்கிறது, ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்துக்கும் முன்னால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அங்கே போய்த் தடை போடுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் பழைய பதில்தான் கிடைக்கும். விரைவுச்சாலைகளில் ஆள் ஏற்றிய லாரி ஓடாத முதல் ஆண்டு எது, அரசு ஒப்பந்தங்களில் பேருந்து நிபந்தனை எந்த ஆண்டிலிருந்து வரும் என்று, ஆண்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.